சப்ஸ்கிரைபர் எண்ணிக்கை நகரவே மாட்டேங்குதுன்னு கேட்டவருக்கு

ப்ரோ, யூடியூப் ஸ்டுடியோல (சேனல் ஓனர் மட்டும் பார்க்குற பக்கம்) 48,269 சப்ஸ்கிரைபர்னு காட்டுது, ஆனா உங்க வெப்சைட்ல வெச்ச கவுண்டர் மட்டும் 48,200லயே நிக்குதுன்னு சொல்றீங்க, கோட்ல எந்த தப்பும் இல்ல, சப்ஸ்கிரைபரை யாரும் வெட்டவும் இல்ல, கவலையே படாதீங்க. 2019 செப்டம்பர்ல இருந்து யூடியூப் ஆயிரத்துக்கு மேல போன சேனலுக்கெல்லாம் முதல் மூணு இலக்கத்தை மட்டும் வெச்சுட்டு மிச்சத்தை கீழ்ப்பக்கமா ரவுண்ட் பண்ணித்தான் வெளியில காட்டுது, உங்க கவுண்டர் மாதிரி வெளி சைட்டுங்க யூடியூப்ல இருந்து நம்பரை எடுக்குற வழியான டேட்டா ஏபிஐயும் அதே நம்பரைத்தான் தரும், நீங்களே ஓனரா லாகின் பண்ணி கேட்டாலும் அதேதான். அதனால 48,300 தொட்டாதான் உங்க கவுண்டர் அசையும், லட்சம் தாண்டிட்டா ஆயிரம் ஆயிரமாத்தான் ஏறும். லைவ் கவுண்ட்னு சொல்லிக்கிற மத்த சைட்டுங்க கடைசி இலக்கம் வரை ஓட்டிக் காட்டுறது வெறும் கணிப்பு, அதை நம்பி ஸ்பான்சர்கிட்ட பேசிடாதீங்க ப்ளீஸ். அவங்க சரியான நம்பர் கேட்டா ஸ்டுடியோ ஸ்க்ரீன்ஷாட் அனுப்புங்க, அது போதும்.

கவுண்ட்டை மறைச்சிடலாமான்னும் கேட்டிருந்தீங்க, 2022 ஜூலை கடைசியோட அந்த வசதியை எடுத்துட்டாங்க, பெரிய சேனல் மாதிரி பேர் வெச்சு கமெண்ட்ல ஏமாத்துறவங்க அதுக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டாங்கன்னுதான், எனக்கு அது நியாயமாத்தான் படுது. வெப்சைட்ல துல்லியமா ஏதாவது ஓடணும்னா மொத்த வியூஸைப் போடுங்க, ஏபிஐ அதை ரவுண்ட் பண்றதில்ல.