நெஞ்சுக்குள் கட்டி: வெட்டுவதா, விடுவதா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்தும் சுற்றுத் தோட்டங்களிலிருந்தும் வந்த கேள்விகளுக்கு நெஞ்சு அறுவை மருத்துவரின் பதில்கள்

எனக்கு வயது 54. தோட்டத்தில் தண்டல். இருமலுக்கு எடுத்த எக்ஸ்ரேயில் வலது நுரையீரலில் ஒரு வட்டம் தெரிந்தது. சி.டி. ஸ்கேனில் ‘ஹமார்ட்டோமா’ என்றார்கள். 2 சென்டிமீட்டர்கூட இல்லை. ஒரு டாக்டர் எடுத்துவிடச் சொல்கிறார், இன்னொருவர் வேண்டாம் என்கிறார்.

நுரையீரலில் வரும், புற்றுநோய் அல்லாத சாதாரணக் கட்டிகளில் அதிகம் பார்ப்பது இதைத்தான். குருத்தெலும்பு, கொழுப்பு, நார்த்திசு எல்லாம் ஒழுங்கின்றி ஓரிடத்தில் சேர்ந்து வளர்ந்திருக்கும். ஸ்கேனில் கட்டிக்குள் கொழுப்போ, பொரிந்த சோளம் போன்ற சுண்ணாம்புப் படிவோ தெரிந்தால், திறந்து பார்க்காமலே பெரும்பாலும் உறுதியாகச் சொல்லிவிடலாம். உங்கள் அறிக்கையில் அப்படி எழுதியிருக்கிறதா என்று கேளுங்கள். எழுதியிருந்தால், இந்த அளவுக் கட்டிக்கு நான் கத்தி எடுக்கமாட்டேன்.

கட்டி வேகமாக வளர்ந்தாலோ, மூச்சுக்குழாயை அடைத்தாலோ, ஸ்கேன் பார்த்தும் சந்தேகம் தீராவிட்டாலோ எடுத்துவிட வேண்டும். நெடுநாள் புகைபிடித்தவர் என்றால் சந்தேகத்தை இன்னும் சீக்கிரம் தீர்த்துக்கொள்வது நல்லது. எடுப்பதென்றாலும் கட்டியை மட்டும், அல்லது அதைச் சுற்றிச் சிறிதளவு நுரையீரலோடு எடுத்தால் போதும்.

இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். நுரையீரல் ஓரத்தில் இருக்கும் சிறு ஹமார்ட்டோமா இருமலைக் கொடுப்பது அபூர்வம். ஆகவே இருமலுக்கு வேறு காரணம் இருக்கும், அதையும் தேடச் சொல்லுங்கள். சளிப் பரிசோதனை அவசியம். காசநோய்த் தழும்பும் எக்ஸ்ரேயில் இப்படி வட்டமாகத் தெரிவதுண்டு. அடுத்தது, பீரோ மேல் உறையோடு கிடக்கும் பழைய எக்ஸ்ரேக்களைத் தேடி எடுத்துப் போங்கள். ஐந்தாறு வருடத்துக்கு முந்தைய படத்தில் இதே வட்டம் இதே அளவில் இருந்தால், எந்தப் புதுப் பரிசோதனையும் தராத நிம்மதியை அந்த ஒரு படம் தந்துவிடும். பழைய படங்களைத் தூக்கிப் போடாதீர்கள் என்று நான் எல்லோரிடமும் கெஞ்சிக் கேட்பது இதனால்தான்.

என் மனைவிக்குச் சாயங்காலம் ஆனால் இமை தொங்கிவிடுகிறது, எதுவும் இரண்டு இரண்டாகத் தெரிகிறது. நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் கட்டி என்கிறார்கள். கண்ணுக்கும் நெஞ்சுக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் நிறைய இருக்கிறது, ஐயா. தைமஸ் சுரப்பியில் கோளாறு வந்தால், சிலருக்கு, நரம்பு தசைக்கு அனுப்பும் கட்டளையைத் தடுக்கும் எதிர்ப்பொருள்களை உடம்பே உண்டாக்கிக்கொள்ளும். மயஸ்தீனியா கிராவிஸ் என்பது அதுதான். காலையில் தெம்பாக இருப்பார், வேலை செய்யச் செய்யத் தசை ஓய்ந்துவிடும். 1936-இல் அமெரிக்காவில் ஆல்ஃபிரட் பிளேலாக், இந்த நோயுள்ள ஓர் இளம்பெண்ணின் தைமஸ் கட்டியை அகற்றினார். அந்தப் பெண்ணின் உடல்நிலை தேறியது. அதிலிருந்துதான் இந்தச் சிகிச்சை வளர்ந்தது.

இந்தக் கட்டியை ‘சாதாரணம்தானே’ என்று விட்டுவைக்கக் கூடாது. மெதுவாக வளர்ந்தாலும் பக்கத்தில் பரவக்கூடியது. உறை கிழியாமல் முழுசாக எடுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஸ்கேனில் தெளிவாகத் தெரிந்து, முழுசாக எடுக்கவும் முடியும் என்றால் ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்ப்பதைத் தவிர்க்கிறோம்.

அறுவைக்கு முன் மயஸ்தீனியா கட்டுக்குள் இருக்க வேண்டும். மயக்க மருந்து டாக்டருக்கு இந்த நோய் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். ஜென்டாமைசின், சிப்ரோஃப்ளோக்சசின் போன்ற சில ஆன்டிபயாட்டிக்குகள் தசையை மேலும் தளர்த்தும். காய்ச்சலுக்குப் பக்கத்துக் கிளினிக் போனாலும் முதலில் நோயின் பெயரைச் சொல்லுங்கள். விழுங்கவோ மூச்சுவிடவோ கஷ்டமானால் காத்திருக்காமல் 999-ஐ அழையுங்கள். அறுவை முடிந்த மறுநாளே இமை நிமிரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். மாதங்கள் ஆகும், சிலருக்கு வருடங்களும் ஆகும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

என் மகனுக்கு 19 வயது. முதுகெலும்பை ஒட்டி நரம்புக் கட்டி. வலியே இல்லை. எதற்கு எம்.ஆர்.ஐ.?

கட்டி, நரம்பு வெளிவரும் துவாரம் வழியாகத் தண்டுவடப் பக்கம் நுழைந்திருக்கிறதா என்று பார்க்கத்தான், அம்மா. நுழைந்திருந்தால் நரம்பு அறுவை மருத்துவரும் சேர்ந்துதான் எடுக்க வேண்டும். தெரியாமல் நெஞ்சு வழியாக மட்டும் இழுத்தால் தண்டுவடம் பாதிக்கப்படலாம். எம்.ஆர்.ஐ. பார்க்காமல் அறுவைக்குச் சம்மதிக்காதீர்கள்.

மூலிகை குடித்துக் கரைக்க முடியுமா?

முடியாது. எதையாவது குடித்துவந்தால் அதையும் அறுவைக்கு முன்பே டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். சில மூலிகைகள் ரத்தம் உறைவதைத் தடுக்கும்.

செம்பனைக் குலை வெட்டுபவன் நான். அடுத்த மாதம் செர்டாங்கில் நெஞ்சு அறுவை. எப்போது வேலைக்குத் திரும்பலாம்?

எந்த வழியாக அறுக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. விலா எலும்புகளுக்கு நடுவே சிறு துளையிட்டுக் கேமராவோடு செய்தால் சில நாளில் வீடு வந்துவிடலாம். காற்றும் நீரும் வடிய நெஞ்சில் ஒரு குழாய் வைத்திருப்பார்கள், அதை எடுத்த பிறகே அனுப்புவார்கள். நடையும் வீட்டு வேலையும் சீக்கிரம் பழகிவிடும். நெஞ்செலும்பைப் பிளந்து செய்தால் கணக்கு வேறு. எலும்பு ஒன்றுசேர வேண்டும், பாரம் தூக்க சுமார் 3 மாதம் பொறுக்க வேண்டும்.

உங்கள் வேலையில் தலைக்கு மேலே நீண்ட கம்பைப் பிடித்து இழுக்கிறீர்கள், பிறகு 20 கிலோ வரும் குலையைத் தூக்கிப் போடுகிறீர்கள். இரண்டுமே நெஞ்சுத் தசையைத்தான் இழுக்கும். ‘வேலைக்குப் போகலாமா’ என்று பொதுவாகக் கேட்டால் டாக்டர் அலுவலக வேலையை நினைத்துத் தலையாட்டிவிடலாம். கம்பைப் பிடிப்பது போலக் கையைத் தூக்கிக் காட்டிக் கேளுங்கள். மூச்சுப் பயிற்சியை அறுவைக்கு முன்பே தொடங்குங்கள், சிகரெட்டை இன்றே விடுங்கள்.

சம்பளத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் அந்தக் கவலையால் அறுவையைத் தள்ளிப்போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். 1955 வேலைச் சட்டப்படி, மருத்துவமனையில் இருக்க வேண்டிய நோய்க்கு வருடத்துக்கு 60 நாள் வரை சம்பளத்தோடு விடுப்பு உண்டு. வீடு திரும்பிய பிறகும் அந்த நிலை நீடிப்பதாக டாக்டர் சான்று கொடுத்தால் அந்த நாள்களும் அதில் சேரும். வெளியேறும்போது எம்.சி. என்னும் மருத்துவ விடுப்புச் சான்றில் இதைத் தெளிவாக எழுதித் தரச் சொல்லுங்கள். பாரம் தூக்கக் கூடாத காலத்தையும் தனிக் கடிதமாக வாங்கி, ஒரு நகலைத் தோட்ட அலுவலகத்தில் கொடுத்துக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.