ஜாஸில் டிராம்போன் கேட்க ஆசை. யாரிடமிருந்து தொடங்கலாம்?

ஜே. ஜே. ஜான்சன். வேறு பெயரே யோசிக்க வேண்டாம். அவருக்கு முன்னால் கிட் ஓரி, ஜாக் டீகார்டன் என்று பெரிய ஆட்கள் இருந்தார்கள்தான். ஆனால் அவருக்குப் பின்னால் வந்தவர்களில் ஜான்சன் பக்கம் திரும்பிப் பார்க்காதவர்கள் மிகக் குறைவு.

காரணம் அந்த வாத்தியத்திலேயே இருக்கிறது. டிரம்பெட்டில் வால்வை அழுத்தினால் ஸ்வரம் மாறிவிடும். டிராம்போனில் ஸ்லைடு என்ற நீளமான நகரும் குழாயை இழுத்துத் தள்ளி ஏழு நிலைகளில் ஸ்வரத்தைத் தேட வேண்டும். ஏழாவது நிலைக்குக் கை முழுக்க நீள வேண்டும். இழுக்கிற வழியில் ஒலியும் கூடவே வழுக்கும். நியூ ஆர்லியன்ஸ்காரர்கள் அந்த வழுக்கலையே அழகாக்கிக்கொண்டார்கள். 1940-களில் சாக்ஸபோன்காரர் சார்லி பார்க்கரும் டிரம்பெட்காரர் டிஸ்ஸி கில்லெஸ்பியும் பீபாப் என்ற புதிய பாணியில் தலைதெறிக்கும் வேகத்தில் வாசிக்கத் தொடங்கியதும் டிராம்போன்காரர்கள் பாடு திண்டாட்டமானது. மேல் ஸ்தாயியில் ஒரே ஸ்வரத்தைப் பல நிலைகளில் எடுக்கலாம். ஜான்சன் இதை வைத்துக் கையசைவைச் சுருக்கினார். ஒவ்வொரு ஸ்வரத்தையும் நாக்கால் தனித்தனியாக நறுக்கினார், வைப்ரேட்டோ எனும் ஸ்வர நடுக்கத்தைக் குறைத்தார். அவர் ஸ்லைடுக்குப் பதில் வால்வு வைத்த டிராம்போன் வாசிக்கிறார் என்று நினைத்தவர்களும் உண்டு.

பிறந்தது 1924-ல், இண்டியானாபொலிஸில். பென்னி கார்ட்டர், கவுண்ட் பேஸி குழுக்களில் இருந்துவிட்டு 1946-ல் சவாய் இசைத்தட்டு நிறுவனத்துக்குத் தன் பெயரில் பதிவு செய்தார். மறு ஆண்டே பார்க்கருடன் ஒரு பதிவு. இவ்வளவுக்கும் பிறகு 1952-ல் ஸ்பெர்ரி தொழிற்சாலையில் வரைபடங்களைச் சரிபார்க்கும் வேலைக்குப் போனார்! அந்த வேலையில் இருந்துகொண்டே 1953-ல் டிரம்பெட்காரர் கிளிஃபோர்ட் பிரவுனுடன் புளூ நோட் இசைத்தட்டு நிறுவனத்துக்கு வாசித்திருக்கிறார்.

முதலில் கேட்க வேண்டியது 1954-ல் டிரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸ் குழுவில் வாசித்த ‘வாக்கின்’. 13 நிமிடத்துக்கு மேல் ஓடும் புளூஸ். மைல்ஸ் முடித்ததும் ஜான்சன் நுழைகிறார். அவசரமே இல்லை, ஒரு ஸ்வரம்கூடக் குழறவில்லை. அடுத்து 1957-ல் பதிவான ‘புளூ டிராம்போன்’ ஆல்பம். டாமி ஃபிளனகன் பியானோ, பால் சேம்பர்ஸ் பாஸ், மாக்ஸ் ரோச் டிரம்ஸ். டிரம்பெட்டோ சாக்ஸபோனோ துணைக்கு இல்லாததால் மெட்டைச் சொல்லும் பொறுப்பெல்லாம் ஜான்சன் தலையில்தான். அதில் ‘வாட்ஸ் நியூ’ என்ற மெதுவான பாட்டைத் தவறவிடாதீர்கள். வேகத்துக்காகவே அவரைப் புகழ்கிறவர்கள் அதைக் கேட்டார்களா என்று எனக்குச் சந்தேகம்.

இசையமைப்பாளராகவும் அவர் சாதாரண ஆள் இல்லை. அவருடைய ‘லமென்ட்’டை மைல்ஸ் 1957-ல் கில் எவன்ஸின் பெரிய வாத்தியக் குழுவோடு பதிவு செய்தார். 1961-ல் கில்லெஸ்பிக்காக ‘பெர்செப்ஷன்ஸ்’ என்ற நீண்ட படைப்பை எழுதிக் கொடுத்தார். 1970-ல் ஹாலிவுட் போய்ப் படங்களுக்கும் டிவி தொடர்களுக்கும் இசையமைத்தார். பிழைப்புக்குச் சரி, ஆனால் அந்த ஆண்டுகளில் ஜாஸ் பதிவுகள் அருகிப்போனதில் எனக்கு வருத்தம்தான். 1988-ல் நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்ட் ஜாஸ் கிளப்பில் மேடையேறி வாசித்தது ‘குயின்டர்ஜி’, ‘ஸ்டாண்டர்ட்ஸ்’ என இரண்டு ஆல்பங்களாக வந்தது. அறுபதைத் தாண்டியவர் வாசிப்பு என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

1950-களில் கய் வைண்டிங் என்ற இன்னொரு டிராம்போன்காரருடன் சேர்ந்து வாசித்த இரட்டை டிராம்போன் ஆல்பங்கள்தான் அந்தக் காலத்தில் அவருக்குப் பரவலான பெயர் வாங்கித் தந்தன. எனக்கு அவை கொஞ்சம் வித்தை காட்டுவது போலத் தோன்றும். அவற்றைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.