கேள்வி பதில்: இத்தாலிய இசையமைப்பாளர் கொரெல்லியின் வயலின் சொனாட்டாக்கள், ஓபஸ் 5 (ஐந்தாம் வெளியீடு)

கே: பாஸோ கன்டினுவோ தம்புரா மாதிரியா?

ப: இல்லை. பாஸோ கன்டினுவோ என்பது அடியில் தொடர்ந்து ஓடும் பாஸ் (கீழ்ஸ்தாயி) வரியும், அதன் மேல் வாசிப்பவர் சேர்த்துப் பிடிக்கும் சுரங்களும். தம்புரா ஒரே சுருதியில் நிற்கும், இது நகர்ந்துகொண்டே இருக்கும். 1700இல் ரோமில் வெளிவந்த மூலப் பதிப்பில் இரண்டே வரிகள்தான்: மேலே வயலின், கீழே பாஸ். பாஸ் சுரங்களோடு 6, 7, 4-3 என்று எண்கள் இருக்கும். 6 என்றால் அந்தச் சுரத்திலிருந்து எண்ணி 3ஆவதையும் 6ஆவதையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். எண்ணே இல்லையென்றால் 3, 5. எந்த ஸ்தாயியில், எத்தனை விரலில் என்பதெல்லாம் வாசிப்பவர் பொறுப்பு. இன்றைய பதிப்புகளில் பியானோ வலக்கைக்கு அச்சடித்திருப்பது பதிப்பாசிரியர் எழுதியது. கொரெல்லி எழுதியதாக நினைத்துவிடாதீர்கள்.

கே: செல்லோவும் கட்டாயமா?

ப: இல்லை. பாஸுக்குத் தலைப்புப் பக்கமே வயலோனே (செல்லோ போன்ற வில் வாத்தியம்) அல்லது ஹார்ப்சிகார்ட் (பியானோவுக்கு முந்தைய விசைப்பலகை வாத்தியம்) என்கிறது, இரண்டில் ஒன்று போதும். வயலினும் செல்லோவும் மட்டுமே வாசித்துப் பாருங்கள். முதல் ஆறு சொனாட்டாக்களின் ஃபியூக் (ஒரே மெட்டைக் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் பின்னும்) பகுதிகளில் வயலின் இரட்டைத் தந்தியில் இரண்டு குரல்களைத் தாங்கும், பாஸ் மூன்றாவது குரலாகச் சேரும். அந்த அழகு அப்போதுதான் தெளிவாகக் கேட்கும்.

கே: பியானோவில் வாசிக்கலாமா?

ப: தாராளமாக. பெடலைக் குறையுங்கள். வலக்கை பற்றி மேலே சொன்னதைப் பாருங்கள்.

கே: அடாஜியோக்களில் (மெதுவான பகுதிகளில்) வெறும் நீண்ட சுரங்கள்தான் இருக்கின்றன. அப்படியே வாசித்தால் போதுமா?

ப: போதாது. 1710இல் ஆம்ஸ்டர்டாமில் பதிப்பாளர் எஸ்டியேன் ரோஜே, முதல் ஆறு சொனாட்டாக்களின் அடாஜியோக்களுக்கு அலங்காரங்களோடு ஒரு பதிப்பு போட்டார். கொரெல்லி வாசிக்கும் விதமே இது என்று அதில் அறிவித்தார்.

கே: அது வியாபாரப் பேச்சு. இசை பற்றி எழுதிய ஆங்கிலேயர் ரோஜர் நார்த் அப்போதே நம்பவில்லையே?

ப: நார்த் இங்கிலாந்தில் இருந்தவர். கொரெல்லியோ 1713 வரை உயிரோடு இருந்தார். அவர் பெயரைச் சொல்லி அவர் வாழும்போதே விற்ற பதிப்பை அவ்வளவு எளிதாகத் தள்ள மாட்டேன்.

கே: உயிரோடு இருந்தது ஆதாரமாகுமா?

ப: முழு ஆதாரம் ஆகாது, ஒப்புக்கொள்கிறேன். சரி, ரோஜேயை விட்டுவிடுவோம். கொரெல்லியிடம் பயின்ற ஜெமினியானி 9ஆவது சொனாட்டாவுக்குச் செய்த அலங்காரங்களை இசை வரலாற்றாசிரியர் ஹாக்கின்ஸ் 1776இல் அச்சிட்டார். அதிலும் வெற்றுச் சுரங்கள் அப்படியே நிற்கவில்லை. யார் எழுதிய அலங்காரம் என்று எவ்வளவு வேண்டுமானாலும் வாதாடலாம். அலங்கரித்து வாசித்தார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ரோஜே பதிப்பை மனப்பாடம் செய்து ஒப்பிக்காதீர்கள். முதலில் வெற்று வரியை பாஸோடு வாசியுங்கள், எந்தச் சுரம் பாஸோடு உரசுகிறது என்று கேளுங்கள். அப்புறம் அலங்காரம்.

கே: லா ஃபோலியா கொரெல்லியின் மெட்டா?

ப: இல்லை, அவருக்கு வெகு முந்தைய மெட்டு. 12ஆவது சொனாட்டா அந்த மெட்டையே விதவிதமாக மாற்றி மாற்றிக் கட்டியது.

கே: பாக் வயலினுக்கும் ஹார்ப்சிகார்டுக்கும் எழுதிய ஆறு சொனாட்டாக்களும் (பாக் படைப்புப் பட்டியலான பி.டபிள்யூ.வி.யில் 1014 முதல் 1019 வரை) இதே வகையா?

ப: இல்லை. அவற்றில் ஹார்ப்சிகார்டின் வலக்கையைப் பெரும்பாலும் பாக் தாமே எழுதிவிட்டார். கன்டினுவோ வகை வேண்டுமென்றால் அதே பட்டியலில் 1021, 1023.

கே: கொரெல்லி எழுதிய அசல் பியானோ பகுதி எந்தப் பதிப்பில் கிடைக்கும்?

ப: எதிலும் கிடைக்காது. முதல் பதிலைப் படியுங்கள்.