கேள்வி பதில்: 737-ல எஞ்சினைக் கொன்னு பழகுறது எப்படி

கம்ப்யூட்டர் ஃப்ளைட் சிமுலேட்டர்ல தனியா சேர்த்து ஓட்டுற ஆட்-ஆன் விமானங்கள்தான் இங்க பேச்சு. பிஎம்டிஜி 737-800, கொஞ்சம் ஃபீனிக்ஸ் ஏ320, இந்த ரெண்டுலயும் எஞ்சின் ஃபெயிலியர் பத்தி என்ன வேணும்னாலும் கேளுங்க. எஃப்பிஎஸ் (செகண்டுக்கு எத்தனை படம்), கிராஃபிக்ஸ் கார்டு சமாச்சாரத்துக்கு நான் ஆள் இல்ல.

கே: சிமுலேட்டர் மெனுவுல எஞ்சின் ஃபெயில் கொடுத்தேன், ஒண்ணுமே ஆகல. ஆட்-ஆன் பழுதா?

பழுதெல்லாம் இல்ல. இந்த மாதிரி ஆட்-ஆன் எஞ்சின், ஹைட்ராலிக், கரண்ட்னு எல்லாத்தையும் தானே கணக்குப் போட்டு ஓட்டுது, சிமுலேட்டர் மெனு சொல்றத கண்டுக்காது, இல்லன்னா பாதி கண்டுக்கிட்டு அரைகுறையா எதையாவது செஞ்சு வைக்கும், அது இன்னும் மோசம். 737-ல சிடியூ (காக்பிட்ல கீபோர்டோட இருக்குற கம்ப்யூட்டர் திரை) மெனு வழியா ஃபெயிலியர்ஸ் பக்கம் போங்க, ஏ320-ல டேப்லெட்ல இருக்கு.

கே: எனக்கு வி1 (டேக்ஆஃப நிறுத்துறதுக்கான கடைசி வேகம்) 142 நாட் வருது. ஃபெயிலியரையும் 142-லயே வைக்கட்டுமா?

145 வைங்க. வி1 வர்றதுக்குள்ள நிறுத்துற முதல் வேலை ஆரம்பிச்சிருக்கணும், வி1 வந்தப்புறம் யோசிக்க ஒண்ணும் இல்ல. 142-லயே வச்சா நிறுத்தவா போகவான்னு மனசு அல்லாடும். நிறுத்திப் பழகணும்னா தனியா 120-ல வைங்க, ரெண்டையும் ஒரே டேக்ஆஃப்ல போட்டுக் குழப்பிக்காதீங்க.

கே: ஃபெயில் ஆன உடனே ஒரு பக்கமா இழுத்துட்டுப் போய் புல்லுல இறங்குது. என்ன பண்ண?

முதல்ல அசிஸ்டன்ஸ் செட்டிங்ல ஆட்டோ ரடர் ஆஃப் பண்ணுங்க (ரடர்னா வால்ல இருந்து மூக்க இடம் வலம் திருப்புற பலகை, கால் பெடல்ல ஓட்டுறது). அது ஆன்ல இருந்தா நீங்க ஒரு பக்கம், அது ஒரு பக்கம். பெடல் இல்லன்னா ஜாய்ஸ்டிக் ட்விஸ்ட் போதும்.

அப்புறம் விஷயத்துக்கு வருவோம். இடது எஞ்சின் போனா மூக்கு இடது பக்கம் ஓடும், வலது கால் கொடுக்கணும். எவ்வளவுன்னா, யோக்க (கையில பிடிக்கிற ஸ்டீயரிங்) நேரா வச்சும் விமானம் சாயாம இருக்குற அளவு. யோக் ஒரு பக்கம் திரும்பியே நிக்குதுன்னா கால் பத்தலன்னு அர்த்தம், நிறைய பேர் இங்கதான் கையால சமாளிக்கப் பாக்குறாங்க, இறக்கை மேல இருக்குற ஸ்பாய்லர் பலகை எழும்பி, ஏறுற சக்தியும் போயிடும். விஆர்-ல (மூக்கத் தூக்க ஆரம்பிக்கிற வேகம்) வழக்கத்தை விட மெதுவா மூக்கத் தூக்குங்க, 12, 13 டிகிரி போதும், வேகம் வி2-க்கு (ஒத்த எஞ்சின்ல பாதுகாப்பா ஏறுற வேகம்) கீழ போகக்கூடாது. ஏறுறது உறுதியானதும் கியர் அப், சக்கரத்த உள்ள எடுங்க.

அதுக்கப்புறம் 400 அடி வரைக்கும் ஸ்டார்ட் லீவர் (எஞ்சினுக்கு எரிபொருள நிறுத்துறது), ஃபயர் ஹேண்டில் (எஞ்சின் தீய அணைக்கிறது) எதையும் தொடாதீங்க. மணி அடிக்கட்டும், சிவப்பு லைட் எரியட்டும், மணிய வேணா அமத்திக்கங்க. வீடியோல பாத்துட்டு 100 அடியில ஹேண்டில இழுக்குறவங்கதான் அதிகம்.

கே: ஃபயர்னா உடனே அணைக்க வேணாமா?

வேணாம். 400 தாண்டி, ரூட் சரியா போகுதுன்னு பாத்துட்டு: ஆட்டோத்ராட்டில் (த்ரஸ்ட்ட, அதாவது எஞ்சின் தள்ளுற சக்திய, தானே பாத்துக்குறது) ஆஃப், எந்த எஞ்சின்னு உறுதி பண்ணி த்ரஸ்ட் லீவர் பின்னால, திரும்ப உறுதி பண்ணி ஸ்டார்ட் லீவர் கட்ஆஃப், திரும்ப உறுதி பண்ணி ஹேண்டில் இழு. லைட் அணையலன்னா ஹேண்டில ஒரு பக்கமா திருகி ஒரு செகண்ட் பிடிங்க, தீயணைப்பு பாட்டில் திறக்கும். 30 செகண்ட் கழிச்சும் எரிஞ்சா மறுபக்கம் திருப்பி ரெண்டாவது பாட்டில்.

"உறுதி பண்ணி"ன்னு மூணு தடவை சொன்னது சும்மா இல்ல. 1989 ஜனவரில கெக்வொர்த்ல விழுந்த 737-400-ல ஃபேன் பிளேடு உடைஞ்சது இடது எஞ்சின்ல, அவங்க அணைச்சது வலது எஞ்சின. வலத குறைச்சதும் புகையும் அதிர்வும் குறைஞ்ச மாதிரி இருந்ததால சரியாத்தான் செஞ்சோம்னு நம்பிட்டாங்க. 47 பேர் போயிட்டாங்க. எந்தக் கால் சும்மா இருக்கோ அந்தப் பக்க எஞ்சின்தான் போச்சு, அதையும் கேஜையும் சேத்துப் பாத்துட்டு கை வைங்க.

கே: மெனுவுல ஃபெயில் கொடுத்தா வேலை செய்யல...

முதல் பதில்.

கே: எஞ்சின் போச்சு, ஆனா என்1 (முன்னாடி ஃபேனோட சுத்து) இன்னும் சுத்துது. ஆட்-ஆன்ல பிழையா?

ஃப்ளேம்அவுட்னா (உள்ள எரியுறது அணைஞ்சது மட்டும்) காத்துல சுத்தும், அதுதான் சரி. சிவியர் டேமேஜ் வச்சுப் பாருங்க, அதிர்வு எகிறும், சுத்தாம நின்னாலும் நிக்கும். முந்தினத திரும்ப ஸ்டார்ட் பண்ணிப் பாக்கலாம், பிந்தினத பண்ணவே கூடாது.

கே: ஒரு எஞ்சின் போனா இன்னொண்ண ஃபுல்லா தள்ளணும்ல? நீங்க அத சொல்லவே இல்லையே.

கட்டாயம் இல்லாததால சொல்லல. அஸ்யூம்டு டெம்பரேச்சர்ல (வெளியில சூடு அதிகம்னு கணக்குல வச்சு) த்ரஸ்ட்ட குறைச்சு எடுத்தாலும், ஒத்த எஞ்சின்ல ஏற முடியுமான்னு பாத்துத்தான் அந்தக் கணக்கே வருது. தள்ளுனா மூக்கு இன்னும் ஓடும், இன்னும் கால் வேணும்.

கே: ஒத்துக்க முடியாது. சக்தி கையில இருக்கும்போது ஏன் விடணும்? நான் எப்பவும் தள்ளுவேன்.

சரி, இத விரிவா பாத்துடுவோம். அஸ்யூம்டு டெம்பரேச்சர் மட்டும் போட்டிருந்தா நீங்க தள்ளலாம், அங்க மினிமம் கண்ட்ரோல் ஸ்பீட் (ஒத்த எஞ்சின்ல ரடரால நேரா வச்சிருக்க முடியுற குறைஞ்ச வேகம்) முழு த்ரஸ்டுக்குக் கணக்குப் போட்டது. ஆனா 26கே (26,000 பவுண்ட் த்ரஸ்ட்) எஞ்சின 22கே-னு ஃபிக்ஸ்டு டீரேட் போட்டா, அதாவது சின்ன எஞ்சின் மாதிரி வச்சா, அந்த ஸ்பீடும் 22கே-க்குத்தான். வி1, விஆர் கம்மியா வந்திருக்கும். அந்த வேகத்துல முழுசா தள்ளுனா ரடரோட முழு வீச்சும் பத்தாம போகலாம். தரையில மோதப்போற நிலைமைனா தவிர அந்த லிமிட்ட தாண்டக்கூடாது.

கே: நான் 22கே-ல தள்ளிருக்கேன், ஒண்ணும் ஆகல.

வி1 தாண்டி நல்ல வேகத்துல தள்ளிருப்பீங்க. எடை கம்மியா, 22கே போட்டு, ஃபெயிலியர வி1-க்கு ஒட்டி வச்சு, சக்கரம் தரையில இருக்கும்போதே தள்ளுங்க. அப்புறம் பேசுவோம்.

கே: ஏ320-லயும் இதே ரடர் கணக்கா?

டேக்ஆஃப்ல ஸ்லிப் இண்டிகேட்டர் (விமானம் பக்கவாட்டுல வழுக்குறத காட்டுறது) நீல நிறமா மாறும், அத நடுவுல கொண்டு வாங்க, அதுதான் பீட்டா டார்கெட். ஆட்டோபைலட் போட்டா ரடர் ட்ரிம்ம (கால் அழுத்தாமலே ரடர பிடிச்சு வைக்கிறது) அதுவே பாத்துக்கும். 737-ல அந்த சொகுசு கிடையாது, ட்ரிம் உங்க வேலை.

கே: வாட்சிம்ல (ஆன்லைன்ல நிஜ ஆளுங்க கண்ட்ரோலரா இருக்குற சிமுலேட்டர் நெட்வொர்க்) எமர்ஜென்சி சொல்லலாமா?

சொல்லலாம். கண்ட்ரோலர் நிறுத்தச் சொன்னா அந்த நொடியே நிறுத்தணும், இல்ல டிஸ்கனெக்ட். 7500 (விமானக் கடத்தலுக்கான ட்ரான்ஸ்பாண்டர் கோட்) போடவே கூடாது.

கே: சிமுலேட்டர் மெனுவுல...

முதல் பதில். முதல் பதில்!

கே: அடுத்து ரெண்டு எஞ்சினையும் ஒண்ணா கொல்லலாம்னு இருக்கேன்.

முதல்ல ஒத்த எஞ்சின்ல ஒழுங்கா இறக்குங்க. 737-ல ஃப்ளாப் 15, அதுக்கான விரெஃப் (இறங்குற வேகம்), ஜிபிடபிள்யூஎஸ் (தரை நெருங்குதுன்னு எச்சரிக்கிறது) ஃப்ளாப் இன்ஹிபிட் ஸ்விட்ச மறக்காதீங்க, இல்லன்னா கத்திக்கிட்டே வரும். கோஅரவுண்டுன்னா (இறங்காம திரும்ப ஏறுறது) ஃப்ளாப் 1. ஃப்ளேர்ல (தரை தொடுறதுக்கு முன்னாடி மூக்கத் தூக்குறப்ப) த்ரஸ்ட் குறைக்கும்போதே காலையும் தளர்த்துங்க, இல்லன்னா அவ்வளவு தூரம் நேரா வந்துட்டு கடைசில ரன்வே ஓரத்துக்குப் போயிடுவீங்க.