சாக்லேட் சுவைக்கப் போகிறீர்களா? கேளுங்கள், சொல்கிறேன்

கொக்கோ விதையை வறுத்து, தோல் நீக்கி, அரைத்து, பாராக வார்ப்பது என் தொழில். வாரக் கடைசிகளில் வருகிறவர்களைச் சுவைக்கவும் வைக்கிறேன். கைவினைச் சாக்லேட் கடைக்கு முதல்முறை போகிறவர்கள் தயங்காமல் கேட்கலாம். கேக் செய்முறை மட்டும் வேண்டாம், எனக்கு கேக் வராது.

மின்மினி: அடுத்த வாரம் போகிறேன். வாயில் போட்டு மெல்லுவதைத் தவிர இதில் என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. முதலில் ஒரு வேண்டுகோள்: சென்ட் பூசிக்கொண்டு போகாதீர்கள். ஒருவர் பூசினால் மேசையில் இருக்கும் அத்தனை பேருக்கும் அதே வாசனைதான். பல் துலக்கியவுடனும் போக வேண்டாம், பற்பசையின் புதினா லேசில் போகாது.

துண்டு கைக்கு வந்ததும் உடைத்துப் பாருங்கள். நன்றாக டெம்பரிங் செய்த, அதாவது கொழுப்பு சீராக இறுகும்படி சூட்டை ஏற்றி இறக்கிய, கறுப்புச் சாக்லேட் 'டக்' என்று முறியும். அடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டு வாயில் போடுங்கள். கொஞ்சம் இனிப்பு, கொஞ்சம் கசப்பு, கொஞ்சம் புளிப்பு, அவ்வளவுதான் தெரியும். இப்போது மூக்கை விடுங்கள். பழமோ பூவோ வறுத்த பருப்போ, அதுவரை எங்கோ ஒளிந்திருந்தது மொத்தமாக வந்து இறங்கும். சாக்லேட்டின் ருசியில் பெரும்பங்கு மூக்குடையது என்று நான் வாயால் சொல்வதைவிட இது நன்றாகச் சொல்லும்.

இரண்டு மூன்று கடி போதும், பிறகு மேலண்ணத்தில் ஒட்டவைத்துக் காத்திருங்கள். விதையின் கொழுப்பான கொக்கோ வெண்ணெய் ஏறத்தாழ 34 டிகிரி செல்சியஸில் உருகும். உடல் சூடு அதைவிடச் சற்றே அதிகம் என்பதால் அது தானே கரையும். கடைசியில் நாக்கு இழுத்துப் பிடித்தால் அது கசப்பு அல்ல, துவர்ப்பு. அறுசுவையில் அதற்குத் தனி இடம் கொடுத்த மொழி நம்முடையது. இரண்டையும் குழப்பாதீர்கள்.

இடையிடையே வெதுவெதுப்பான தண்ணீர் குடியுங்கள். ஐஸ் தண்ணீர் கூடவே கூடாது. நாக்கில் படிந்த கொழுப்பு இறுகிப்போய், அடுத்த துண்டின் ருசி ஏறாது.

பாலாடை: ஒரே நாளில் எத்தனை வகை சுவைக்கலாம்?

ஆறு. அதற்குமேல் நாக்கு பொய் சொல்லும்.

தூரத்து மேகம்: 70 சதவீதம் நல்லதா, 85 நல்லதா?

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும், அதனால் ஒரேயடியாகச் சொல்லிவிடுகிறேன். அந்த எண், விதையிலிருந்து வந்த திடப்பொருளும் கொக்கோ வெண்ணெயும் சேர்ந்த மொத்த அளவு. 70 என்றால் மீதி 30 பெரும்பாலும் சர்க்கரை. எவ்வளவு என்பதைத்தான் அது சொல்லும், எப்படிப்பட்டது என்று சொல்லாது. ஒருவர் தனியாகக் கொக்கோ வெண்ணெய் சேர்த்து 70 ஆக்கியிருப்பார், இன்னொருவர் சேர்க்காமலே ஆக்கியிருப்பார். அட்டையில் எண் ஒன்று, வாயில் பொருள் வேறு.

ருசியின் அடித்தளம் தோட்டத்திலேயே விழுந்துவிடுகிறது. காயை உடைத்தால் விதைகளைச் சுற்றி வெள்ளைச் சதை இருக்கும். அதோடு சேர்த்துக் குவித்து, பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு நாள் புளிக்க விடுவார்கள். ஈஸ்ட் சதையின் சர்க்கரையைச் சாராயமாக்கும், பாக்டீரியா அதை அசிட்டிக் அமிலமாக்கும். குவியலின் சூடு 50 டிகிரியை நெருங்கும். விதை செத்து, உள்ளே புரதமும் சர்க்கரையும் உடையும். வறுக்கும்போது சாக்லேட் மணமாக மாறுவது இவைதான். சரியாகப் புளிக்காத விதையை எப்பேர்ப்பட்ட கைகாரர் வறுத்தாலும் அந்த மணம் வராது. ஆகவே கடைக்காரரிடம் சதவீதத்தை விடுங்கள். விதை எங்கே விளைந்தது, யார் புளிக்க வைத்தார்கள், எத்தனை நாள் என்று கேளுங்கள். கண் மலர்ந்து பேசினால் நல்ல கடை.

கசப்புப் பிரியன்: அப்படியானால் 90தானே உயர்ந்தது?

மேலே சொன்னதைத் திரும்பப் படியுங்கள்.

நிழல்: வாங்கிய பாரில் சாம்பல் பூத்திருக்கிறது. பூஞ்சையா?

பெரும்பாலும் இல்லை. கொக்கோ வெண்ணெய் ஆறு விதமாகப் படிகமாகும். நமக்கு வேண்டியது ஐந்தாவது. சூட்டில் இளகித் திரும்ப இறுகும்போது ஒழுங்கு கெட்டுக் கொழுப்பு மேலே வந்து பூக்கும். சாப்பிடலாம், மினுமினுப்பும் முறிவும்தான் போயிருக்கும். தொட்டால் சொரசொரவென்று இருந்தால் அது சர்க்கரைப் பூப்பு. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததும் ஈரம் படிந்து, சர்க்கரை கரைந்து காய்ந்த தடம். 16 முதல் 18 டிகிரி உள்ள இடத்தில் வையுங்கள்.

வாலாட்டி: மிஞ்சியதை நாய்க்குக் கொடுக்கலாமா?

கூடாது. கொக்கோவில் உள்ள தியோபுரோமின் நாய்க்கு விஷம்.

கசப்புப் பிரியன்: போன இடத்தில் வெள்ளைச் சாக்லேட்டையும் தட்டில் வைத்தார்கள். அது சாக்லேட்டே இல்லையே, ஏன் வைக்கிறார்கள்?

ஏன் இல்லை? விதையில் பாதிக்குமேல் கொழுப்புதான். அந்தக் கொழுப்பில் செய்ததற்குச் சாக்லேட் என்று பெயர் வைத்தால் என்ன குற்றம்? ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி அதில் குறைந்தது 20 சதவீதம் கொக்கோ வெண்ணெய் இருக்க வேண்டும்.

கசப்புப் பிரியன்: பாலிலிருந்து வந்தது என்பதற்காக நெய்யைப் பால் என்பீர்களா?

நல்ல அடி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நெய்யை மோசம் என்று யாரும் தள்ளுவதில்லையே.

பாலாடை: நான் வெள்ளைக் கட்சி.

மின்மினி: எனக்கு அது வெறும் பால்பொடி மாதிரி இருக்கும்.

பெரும்பாலான வெள்ளையில் வாசனை நீக்கிய கொக்கோ வெண்ணெயைப் போடுகிறார்கள். அதனால்தான் பாலும் சர்க்கரையும் மட்டும் தெரிகிறது. வாசனை நீக்காததில் செய்ததைத் தேடிப் பிடியுங்கள், கொக்கோ மணம் வரும். கறுப்பில் தப்பை அதிக வறுப்பு மறைத்துவிடும். வெள்ளையில் ஒளிய இடம் கிடையாது. நான் முதலில் வார்த்த வெள்ளையில் பால்பொடியின் பழைய வாடை அப்படியே தெரிந்தது, மொத்தத்தையும் கொட்டினேன்.

தூரத்து மேகம்: விவாதம் இருக்கட்டும். சதவீதம் அதிகமானால் சர்க்கரை நோயாளி சாப்பிடலாமா?

மருத்துவரைக் கேளுங்கள்.

புதியவன்: 70 வாங்கலாமா, 80 வாங்கலாமா?

ஐயா, மேலே, மேலே.

நிழல்: கடையிலேயே விதையை வறுக்கிறார்களா, வெளியில் வாங்கிய சாக்லேட்டை உருக்கி வார்க்கிறார்களா என்று கேட்டால் கோபிப்பார்களா?

கோபித்தால் கிளம்பிவிடுங்கள். உருக்கி வார்ப்பதும் கனாஷ் (சாக்லேட்டும் கிரீமும் கலந்த கலவை) நிரப்புவதும் தனிக் கலை, எனக்கே அது சரியாக வராது. உருக்கி வார்த்துவிட்டு விதையிலிருந்து செய்தேன் என்பதுதான் தப்பு.

கசப்புப் பிரியன்: இன்று போய் வெள்ளையைச் சாப்பிட்டுப் பார்த்தேன். வெறும் இனிப்பு.

வாசனை நீக்கிய வெண்ணெயா, நீக்காததா?

கசப்புப் பிரியன்: கேட்கவில்லை.

கேட்டுவிட்டு வாருங்கள். சென்ட் இல்லாமல்.