ரோல் போட்டாச்சு, அப்புறமும் ஏன் எல்லாருக்கும் எல்லாம் தெரியுது?

கேள்வி: வணக்கம் சார். பவர் பிஐல (டேட்டாவ ரிப்போர்ட்டா காட்டுற மைக்ரோசாஃப்ட் சாஃப்ட்வேர்) சேல்ஸ் ரிப்போர்ட் பண்றேன். ஏரியா மேனேஜருக்கு அவங்கவங்க ஏரியா மட்டும் தெரியணும்னு ரோல் (யாருக்கு எந்த வரி தெரியணும்ங்கிற விதி) போட்டு, டெஸ்க்டாப்ல 'வியூ ஆஸ்' (அந்த ரோல்ல இருக்கிறவர் மாதிரி பாக்குற வசதி) வச்சு பாத்தேன், கரெக்டா வந்துச்சு. பப்ளிஷ் பண்ணதும் சிலருக்கு மொத்த கம்பெனியோட விற்பனையும் தெரியுது. டாக்ஸ் (பவர் பிஐயோட ஃபார்முலா மொழி) ஃபார்முலாவ மாத்தி மாத்தி எழுதி பாத்துட்டேன், ஒண்ணும் நடக்கல.

பதில்: ஃபார்முலாவ விட்டுடுங்க, அதுல தப்பே இல்லாம இருக்கலாம். அந்த சிலருக்கு ஒர்க்ஸ்பேஸ்ல (ரிப்போர்ட்ட பப்ளிஷ் பண்ணி வைக்கிற பொது இடம்) என்ன பதவி குடுத்திருக்கீங்கன்னு போய் பாருங்க. அட்மின், மெம்பர், கான்ட்ரிபியூட்டர் இந்த மூணுல எது இருந்தாலும் அவங்களுக்கு மாடல (ரிப்போர்ட்டுக்கு அடியில இருக்கிற டேட்டா) எடிட் பண்ற உரிமை வந்துடும், எடிட் பண்றவங்க மேல ரோ லெவல் செக்யூரிட்டி (ரோல் வச்சு வரி வரியா மறைக்கிறது) வேலையே செய்யாது, வியூவருக்கு மட்டும்தான் ஃபில்டர் விழும். பெரும்பாலும் என்ன ஆகும்னா யாரோ ஒருத்தர் "ரிப்போர்ட் ஓப்பன் ஆகல, அவசரம்"னு கேட்டிருப்பாங்க, கைக்கு வந்த மெம்பர்ங்கிறத குடுத்து அனுப்பியிருப்போம், அது அப்படியே நின்னுடும். ஆள் பேர்ல நேரா இல்லன்னாலும் அவர் இருக்கிற க்ரூப்புக்கு கான்ட்ரிபியூட்டர் இருக்கலாம், அதையும் பாருங்க. ரெண்டும் இருந்தா பெரிய பதவிதான் ஜெயிக்கும். வியூவரா இறக்குங்க, இல்லன்னா ஒர்க்ஸ்பேஸ்லருந்து எடுத்துட்டு ஆப் (பாக்கறவங்களுக்குன்னு பப்ளிஷ் பண்ற தொகுப்பு) வழியா குடுங்க. டெஸ்க்டாப்ல 'வியூ ஆஸ்' பாஸ் ஆனது உங்களுக்கு தைரியம் குடுத்திருக்கு, ஆனா அது ஃபில்டர மட்டும்தான் சோதிக்கும், ஒர்க்ஸ்பேஸ் உரிமைய அது பாக்கறதே இல்ல. வியூவர் மட்டும் உள்ள ஒரு நிஜ லாகின்ல ஓப்பன் பண்ணி பாக்காம இந்த மாதிரி ரிப்போர்ட்ட வெளிய விடவே கூடாதுங்கிறது என் உறுதியான கருத்து, ஏன்னா இதே வழிலதான் சம்பள ரிப்போர்ட்டும் கசியும்.

கேள்வி: எனக்கு நேர்மாறா இருக்கு. ஒரு மேனேஜருக்கு மட்டும் ரிப்போர்ட் காலியா வருது, மத்தவங்களுக்கு சரியா வருது. யார் எந்த ஏரியான்னு மெயில் ஐடி வச்சு ஒரு டேபிள் இருக்கு.

பதில்: காலியா வருதா, எர்ரர் வருதா, இத மொதல்ல பிரிச்சுக்கோங்க. டெஸ்க்டாப்ல ரோல் உருவாக்குறது பாதி வேலைதான். சர்வீஸ்ல (ஆன்லைன் பவர் பிஐ) செமான்டிக் மாடலுக்கு (2023 கடைசி வரைக்கும் டேட்டாசெட்னு இருந்ததுதான்) பக்கத்துல மூணு புள்ளிய தட்டி 'செக்யூரிட்டி'ல போய் ஆள அந்த ரோல்ல சேக்கணும். எந்த ரோல்லயும் சேக்காத ஆளுக்கு விஷுவல் லோடே ஆகாது, எர்ரர்தான் வரும்.

எர்ரர் இல்லாம காலியா வந்தா ஆள் ரோல்ல இருக்கார், பேர்தான் பொருந்தல. ஊகிச்சுகிட்டு உக்காராதீங்க, 'யூசர்பிரின்சிபல்நேம்' ஃபங்ஷன (லாகின் பண்ணவர் யாருன்னு சொல்றது) மட்டும் வச்சு ஒரு மெஷர் (கணக்கு ஃபார்முலா) எழுதி ஒரு கார்டுல (ஒரே மதிப்ப காட்டுற கட்டம்) போட்டு அந்த மேனேஜரையே ஓப்பன் பண்ண சொல்லி ஸ்க்ரீன்ஷாட் வாங்குங்க. பல கம்பெனில மெயில் ஐடி ஆள் பேர்ல இருக்கும், லாகின் ஐடி எம்ப்ளாயி நம்பர்ல இருக்கும், பவர் பிஐ பாக்கறது லாகின் ஐடிய. உங்க டேபிள்ல மெயில் இருக்கும், கார்டுல நம்பர் வந்து நிக்கும், அவ்ளோதான் விஷயம். ரெண்டும் ஒண்ணாவே தெரிஞ்சா எக்செல்லருந்து ஒட்டுனப்ப ஐடிக்கு முன்னாடி ஒரு ஸ்பேஸ் ஒட்டிக்கிட்டு வந்திருக்கான்னு பாருங்க. ஃபார்முலால 'யூசர்நேம்' ஃபங்ஷன் இருந்தாலும் மாத்திடுங்க, அது டெஸ்க்டாப்ல டொமைன் போட்டு ஒரு மாதிரியும் சர்வீஸ்ல வேற மாதிரியும் பேர் குடுக்கும்.

கேள்வி: ஒரே மேனேஜர் இப்ப ரெண்டு ஏரியா பாக்குறார். டேபிள்ல ரெண்டாவது வரிய சேத்ததும் "ஒரு மதிப்பு இருக்க வேண்டிய இடத்துல பல மதிப்பு வந்துருக்கு"ங்கிற மாதிரி எர்ரர். லுக்அப்வேல்யூதான் யூஸ் பண்றேன்.

பதில்: லுக்அப்வேல்யூ ஒரே ஒரு விடைய மட்டும் குடுக்கிற ஃபங்ஷன், ஒரு ஆளுக்கு ரெண்டு ஏரியான்னதும் எதை குடுக்கிறதுன்னு தெரியாம நின்னுடும். ஏரியா டேபிள் மேல ஃபில்டர 'இன்' வச்சு எழுதுங்க, அதாவது இந்த லாகினுக்கு மேப்பிங் டேபிள்ல (யார் எந்த ஏரியான்னு வச்சிருக்கிற டேபிள்) எத்தன ஏரியா இருக்கோ அதுல இது ஒண்ணான்னு கேக்கற மாதிரி. அதோட மேப்பிங் டேபிள் மேல அதே ரோல்ல 'ஃபால்ஸ்'னு ஒரு ஃபில்டர் போட்டுடுங்க. பயப்படாதீங்க, ரோல் ஃபார்முலா உள்ளுக்குள்ள அந்த டேபிள படிக்கும், பயனர் கண்ணுக்கு மட்டும் ஒரு வரியும் தெரியாது. டேபிள ஹைட் பண்ணா போதும்னு பலர் நெனைக்கிறாங்க, ஹைட் பண்றது பாதுகாப்பே இல்ல, பில்ட் உரிமை (மாடல வச்சு புது ரிப்போர்ட் போடுற உரிமை) இருக்கிறவர் எக்செல்லருந்து கனெக்ட் பண்ணி யார் எந்த ஏரியான்னு முழுசா எடுத்துடலாம்.

ரிலேஷன்ஷிப் (டேபிள்களுக்கு நடுவுல போடுற இணைப்பு) வழியா பண்ணணும்னாலும் பண்ணலாம், ஆனா இங்கதான் நெறைய பேர் மாட்டுறாங்க. ஒரு ஏரியாவுக்கு மேப்பிங் டேபிள்ல பல வரி இருக்கும், அதனால மேப்பிங்ல போட்ட ஃபில்டர் ஏரியா டேபிளுக்கு ஏறிப் போகாது. சரின்னு ரிலேஷன்ஷிப்ப 'போத்'னு (ஃபில்டர் ரெண்டு பக்கமும் போற மாதிரி) மாத்துவாங்க, அப்பவும் எல்லா ஏரியாவும் தெரியும், ஏன்னா 'போத்'னு வச்சிருந்தாலும் செக்யூரிட்டி ஃபில்டர் ஒரு பக்கம்தான் ஓடும். அதே ஜன்னல்ல செக்யூரிட்டி ஃபில்டர ரெண்டு பக்கமும் போடுன்னு தனியா ஒரு டிக் பாக்ஸ் இருக்கு, அதையும் தட்டணும். பெரிய மாடல்ல இது ரிப்போர்ட்ட மெதுவாக்கும், அதனால எனக்கு 'இன்' வழிதான் பிடிச்சிருக்கு.

கேள்வி: ஒருத்தர ரெண்டு ரோல்ல போட்டேன், கம்மியா தெரியும்னு நெனச்சேன், அதிகமா தெரியுது.

பதில்: ஒரு ரோல்ல தெரியறதோட இன்னொரு ரோல்ல தெரியறதும் சேரத்தான் செய்யும், வெட்டாது. ரெண்டு நிபந்தனையும் சேந்து பொருந்தணும்னா ஒரே ரோல்ல எழுதுங்க.

கேள்வி: மேனேஜருக்கு அவரோட ஏரியா கம்பெனி மொத்தத்துல எத்தன சதவீதம்னு காட்டணும். 'ஆல்' போட்டும் எல்லாருக்கும் நூறு சதவீதம்னே வருது.

பதில்: 'ஆல்' ரிப்போர்ட்ல இருக்கிற ஃபில்டரத்தான் எடுக்கும், செக்யூரிட்டிய தாண்டாது, தாண்டவும் கூடாது. மொத்தத்த தனியா ஒரு கால்குலேட்டட் டேபிள்ல (ஃபார்முலாவால உருவாக்குற டேபிள்) மாச வாரியா கூட்டி வச்சுக்கோங்க, அது ரெஃப்ரெஷ் ஆகும்போதே கணக்காகிடும், அப்ப ரோல் குறுக்க வராது. ஏரியா டேபிளோட மட்டும் அத இணைக்காதீங்க, தேதி டேபிளோட இணைக்கலாம். ஆனா உங்க கம்பெனில ரெண்டே ரெண்டு ஏரியா இருந்தா இத குடுக்கவே வேண்டாம், மொத்தத்துலருந்து தன்னோடத கழிச்சா அடுத்தவரோட விற்பனை அவர் கைல வந்துடும். மூணு நாலு ஏரியா இருந்தாலும் மேலதிகாரிகிட்ட மொத்தம் தெரியலாமான்னு எழுத்துல ஒப்புதல் வாங்கிட்டு குடுங்க.