புளியந்தோப்பை ஏன் எழுத வேண்டும்?

அன்புள்ள ஐயா,

வடசென்னையின் பழைய வழக்குகள், கலவரங்கள் பற்றிய தங்கள் தொடரை விடாமல் படிக்கிறேன். ஆளவந்தார் கொலையைப் பற்றிய பகுதி பிடித்திருந்தது. அடுத்து 1921 புளியந்தோப்புக் கலவரம் என்று அறிவித்திருக்கிறீர்கள். என் தாத்தா பின்னி மில் நெசவாளி. முதல் தொழிற்சங்கம் பிறந்த மண் என்பதுதான் எங்கள் பகுதியின் பெருமை. நூறாண்டுக்கு முந்தைய சாதிச் சண்டையை இப்போது கிளற வேண்டுமா? முதலாளிகளின் சூழ்ச்சி என்று ஒரு வரியில் முடித்துவிடலாமே.

ஒரு வாசகர், பெரம்பூர்

அன்புள்ள நண்பருக்கு,

அந்தப் பெருமை எனக்கும் உண்டு. 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானபோது, பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும் செய்தது சாதாரணக் காரியமல்ல. வேலைநிறுத்தம் செய்யும் தொழிலாளிக்குச் சட்டத்தில் எந்தக் காப்பும் இல்லாத காலம் அது. தொழிற்சங்கச் சட்டம் வந்ததே 1926இல்தான். 1920 டிசம்பரில் பெரம்பூரில் போலீஸ் சுட்டு இருவர் இறந்தார்கள். இதையெல்லாம் விரிவாகவே எழுதுவேன்.

ஆனால் நீங்கள் கேட்கும் அந்த ஒரு வரியை என்னால் எழுத முடியாது. அது பாதி உண்மைதான்.

1921 ஜூனில் பின்னியின் கர்நாடிக் மில்லைத் தொடர்ந்து பக்கிங்காம் மில் தொழிலாளர்களும் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது, ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலானோர் வேலைக்குப் போனார்கள். போகும்படி ஆதிதிராவிடத் தலைவர் எம்.சி. ராஜா சொன்னார். அவர்களைக் கருங்காலிகள் என்று சொல்லிவிட்டு நகர்வது எளிது. மாதக்கணக்கில் கூலியில்லாமல் தாக்குப்பிடிக்க நிலம் வேண்டும், கடன் கொடுக்கும் உறவு வேண்டும், நகையாவது வேண்டும். சேரியில் எது இருந்தது? ‘நாம்’ என்று மேடையில் பேசிய சங்கத்தின் தலைவர்கள் யாரும் அவர்கள் தெருவிலிருந்து வந்தவர்கள் அல்லர். சக தொழிலாளியோ மில் வாசலைத் தாண்டியதும் எட்டி நின்றான். அப்படிப்பட்டவனோடு சேர்ந்து பட்டினி கிடக்க வேண்டும் என்று எந்த உரிமையில் கேட்பது?

ஜூன் முடிவதற்குள் புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. பிறகு அடிதடியும் கல்வீச்சும் தீவைப்பும் இரு பக்கமும் மாதக்கணக்கில் தொடர்ந்தன. வீடிழந்த ஆதிதிராவிடக் குடும்பங்கள் வியாசர்பாடி முகாமில் தங்கவைக்கப்பட்டன. ஆகஸ்ட் 29 அன்று போலீஸ் சுட்டதில் பல உயிர்கள் போயின. அக்டோபரில் வேலைநிறுத்தம் தோற்று முடிந்தது.

நிர்வாகம் இந்தப் பிளவால் லாபம் அடைந்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அரசும் மில் பக்கம்தான் நின்றது. ஆனால் ஊருக்கும் சேரிக்கும் நடுவே கோடு போட்டது நிர்வாகம் அல்ல. அது மில்லின் புகைபோக்கி எழும்புவதற்குப் பல நூற்றாண்டு முன்பே போடப்பட்ட கோடு. அரசு ஆதிதிராவிடர்களுக்கு உதவுவதே கலகத்துக்குக் காரணம் என்று நீதிக்கட்சித் தலைவர் தியாகராயச் செட்டியாரே குற்றம் சாட்டினார். அக்கட்சியிலேயே இருந்த எம்.சி. ராஜா 1923இல் அதை விட்டு வெளியேறினார். பார்ப்பனரல்லாதார் அரசியலில் விழுந்த பெரிய விரிசல்களில் இது ஒன்று. இதை விட்டுவிட்டு நம் பகுதியின் அரசியல் வரலாற்றை எப்படி எழுதுவது?

ஆளவந்தார் வழக்கு உங்களுக்குப் பிடித்ததில் வியப்பில்லை. 1952இல் ரயில் பெட்டியில் தலையில்லாத உடல், ராயபுரம் கடற்கரையில் தலை, பிரபாகர மேனனுக்கு 7 ஆண்டு, அவர் மனைவி தேவகிக்கு 3 ஆண்டு. கொலையாளி யார், கொலையுண்டவர் யார், தண்டனை என்ன என்று எல்லாம் தெரிந்துவிடுகிறது. புளியந்தோப்பில் தீ வைத்தவர்களின் பெயர் ஊர் நினைவில் இல்லை, வீடிழந்தவர்களின் பெயரும் இல்லை. அதனால்தான் அந்த வழக்கைவிட இதற்கு அதிகப் பக்கங்கள் ஒதுக்குகிறேன்.

உங்கள் தாத்தா காலத்துச் சங்க ரசீது, மில் அட்டை, புகைப்படம் ஏதேனும் வீட்டில் இருந்தால் அனுப்புங்கள். வியாசர்பாடி முகாமில் இருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், அவர்களும் எழுத வேண்டும். அடுத்த பகுதியை அவர்கள் வீட்டுக் கதையிலிருந்து தொடங்கவே விரும்புகிறேன்.

அன்புடன்.